மிச்சம் இருக்கும் நாலு கரண்ட்

மதுரை பஸ்ஸைப் பிடிக்க, விடியுமுன்னே திருவாடானை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்காரும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அறுபத்தைந்து வயது. நுரையீரலில் புற்றுநோய், இடுப்பெலும்புக்கும் இறங்கிவிட்டது. இடுப்பு வலிக்கு டாக்டர் பத்து கரண்ட் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமையோடு ஆறு முடிந்தது. திங்கட்கிழமை காலையில் அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. “போதும்மா, என்னைப் படுக்க விடுங்க” என்கிறார். மகளுக்கு மனசு கேட்கவில்லை. “இன்னும் நாலுதானேப்பா. பாதியில விட்டா முன்னாடி வச்சதெல்லாம் வீணாப் போயிருமே!”

இந்த அப்பாவும் மகளும் நான் கற்பனை செய்தவர்கள். மகள் கேட்கும் கேள்வி கற்பனையில்லை. முற்றிய புற்றுநோய் உள்ள வீடுகளில் ஏதோ ஒரு திங்கட்கிழமை இது எழுந்தே தீரும். காளையார்கோவில், சிவகங்கை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய், இயந்திரத்துக்கடியில் சில நிமிடம் படுத்துவிட்டு, அதே நூறு கிலோமீட்டர் திரும்பி வருகிறவருக்கு இது வெறும் மருத்துவக் கேள்வியாக மட்டும் இருக்காது. ஆனாலும் இதற்குள்ளே ஒரு அறிவியல் இருக்கிறது. அது தெரிந்தால் மகளின் பயத்தில் பாதி இறங்கிவிடும்.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பேர் ‘கரண்ட் வைப்பது’. நோயாளியின் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லினாக் என்ற இயந்திரத்துக்குள் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு முடுக்கி, டங்ஸ்டன் உலோகத்தில் மோதவிடுகிறார்கள். அந்த மோதலில் எக்ஸ்ரே பிறக்கிறது. உடைந்த கையைப் படம் பிடிக்கிற அதே கதிர்தான், பல மடங்கு வலுவோடு வருகிறது. பழைய கோபால்ட் இயந்திரத்தில் அந்த முடுக்கல்கூடக் கிடையாது. கோபால்ட்-60 தானாகச் சிதைந்து காமாக் கதிரை உமிழும். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அத்தகைய இயந்திரம் 1957-லேயே வந்துவிட்டது.

கதிர் உள்ளே போய் நோயைச் சுட்டுப் பொசுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். கதிரை அளக்கும் அலகுக்குக் ‘கிரே’ என்று பேர். இங்கிலாந்து விஞ்ஞானி ஹரால்டு கிரேயின் பெயர் அது. ஒரு கிலோ தசையில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. எலும்பு வலிக்கு ஒரே தடவையில் கொடுக்கும் பெரிய அளவு 8 கிரே. அது இறங்கும் இடத்தில் ஏறும் சூடு ஒரு டிகிரியில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஒரு மடக்கு டீ குடித்தால் உடம்புக்குள் அதைவிட எவ்வளவோ அதிகமான வெப்பம் போகிறது. ஆக, வேலை செய்வது சூடு அல்ல.

வேலை நடப்பது செல்லின் கருவுக்குள்ளே இருக்கும் டிஎன்ஏ என்ற இரட்டை இழைக் கயிற்றில். கதிர் போகும் வழியில் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது, கயிறு அறுபடுகிறது. ஒரு கிரே விழுந்தால் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ ஆயிரம் இடத்தில் ஒரு இழை மட்டும் அறும்; நாற்பது இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்து அறும். ஒற்றை அறுவைச் செல் எளிதாகச் சரிசெய்துகொள்ளும், எதிர் இழை வார்ப்பாக நிற்பதால். இரட்டை அறுவுதான் ஆபத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கயிறு அறுந்த செல்லில் பெரும்பாலானவை உடனே சாவதில்லை. அடுத்த முறை இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகின்றன. சில செல்கள் ஓரிரு முறை பிரிந்த பிறகு சாகும். அதனால் கதிர் வைத்த பலன் அன்றைக்கே தெரியாது. எலும்பு வலி குறைய ஒரு வாரம் ஆகலாம், மூன்று நான்கு வாரமும் ஆகலாம். முதல் சில நாளில் வலி கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தாமதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதி முழுவதும் இதைச் சுற்றித்தான் போகிறது.

அடுத்து, ஏன் பத்து நாள்? மொத்தத்தையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் என்ன?

இதற்குப் பதில் செம்மறிக் கிடாவிலிருந்து வந்தது. பாரிஸில் 1920-களில் கிளாட் ரெகோ என்ற ஆய்வாளர் கிடாவின் விதைகளுக்குக் கதிர் வைத்துப் பார்த்தார். விந்து உண்டாக்கும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை. புற்றுநோய்க்கு அது ஒரு மாதிரி. வெளியே இருக்கும் தோல், காப்பாற்றப்பட வேண்டிய நல்ல தசைக்கு மாதிரி. ஒரே தடவையில் பெரிய அளவு வைத்தபோது தோல் வெந்துபோகாமல் கிடாவை மலடாக்க முடியவில்லை. பல நாளுக்குப் பிரித்து வைத்தபோது கிடா மலடானது, தோலும் தப்பித்தது. அவருடைய சகா ஆன்ரி கூட்டார் இதே முறையைத் தொண்டைப் புற்றுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுவதும் கதிர்வீச்சைத் தவணை தவணையாகக் கொடுப்பதன் வேர் அந்தக் கிடாதான்.

பிரித்து வைத்தால் தோல் ஏன் தப்பிக்கிறது? தொண்டிக் கடற்கரையில் வலை காயப்போட்டிருக்கும் இரண்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு வலையிலும் தினம் நாலு கண்ணி அறுகிறது. ஒரு வீட்டுக்காரர் இரவோடு இரவாக உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியையும் ஒழுங்காக முடிந்து வைக்கிறார். அடுத்த வீட்டில் அவசரத்தில் ஏனோதானோவென்று முடிச்சுப் போடுகிறார்கள். பத்து நாள் கழித்து முதல் வலை மீன் பிடிக்கும்; இரண்டாவது வலை ஓட்டையாகக் கிடக்கும். நல்ல செல் முதல் வீடு. புற்றுச் செல் இரண்டாவது வீடு. தவணைகளுக்கு நடுவே வரும் இரவுகள்தான் நல்ல தசையைக் காப்பாற்றுகின்றன.

குறிப்பாக முதுகுத் தண்டு, நுரையீரல் போன்ற மெதுவாக மாறும் தசைகளை. பெரிய தவணை அவற்றுக்குச் செய்யும் கெடுதல் மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். குணமாக்கவே வைக்கும் கதிரில், ஆரம்ப நிலை வாய்ப் புற்றுக்கோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கோ, நோயாளி இருபது வருடம் வாழப்போகிறவர் என்று நம்பித்தான் வைக்கிறார்கள். அங்கே சின்னத் தவணை, நிறைய நாள் என்பது அவசியம். அங்கே ஒரு நாளும் விடக் கூடாது. இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகிக் குணமாகும் வாய்ப்பைக் குறைத்துவிடும். இதைப் படிக்கிற யாரும், அந்த வகைச் சிகிச்சையில் இருந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை நிறுத்துவதற்குக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் அப்பாவின் கதை வேறு. பரவிவிட்ட நுரையீரல் புற்றுக்கு இடுப்பில் வைக்கும் கதிரின் நோக்கம் நோயை ஒழிப்பதல்ல, வலியைத் தணிப்பது. இதைத் தணிப்புக் கதிர்வீச்சு என்று சொல்லலாம். அரசுத் திட்டங்களில் வரும் ‘வலி நிவாரணம் மற்றும் ஆதரவுச் சிகிச்சை’ என்ற பெரிய குடைக்குக் கீழே வருவது இது. இங்கே இருபது வருடம் கழித்து வரக்கூடிய கெடுதலைத் தவிர்ப்பதற்காகப் பத்து நாள் அலைய வைப்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது? தவணையைப் பெரிதாக்கி, நாளைக் குறைத்தால் பலன் குறையுமா?

கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1,171 எலும்பு வலிக்காரர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே தடவை 8 கிரே. மற்றதற்கு ஆறு தடவையில் 24 கிரே. இப்படிக் குலுக்கிப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. டாக்டரே தேர்ந்தெடுத்தால் தெம்பானவர்களுக்கு நீண்ட சிகிச்சையும் நலிந்தவர்களுக்குக் குறுகிய சிகிச்சையும் போய்ச் சேரும். பிறகு நீண்டதுதான் நல்லது என்று கணக்கு பொய் சொல்லும். குலுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் வலிக்குத் தானே மதிப்பெண் எழுதி வாராவாரம் தபாலில் அனுப்பினார்கள். 1999-ல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு வலி குறைந்திருந்தது.

ஒரு வித்தியாசம் இருந்தது. ஒரே தடவை வாங்கியவர்களில் 25 சதவீதத்தினருக்குப் பின்னால் மறுபடி கதிர் வைத்தார்கள். ஆறு தடவை வாங்கியவர்களில் 7 சதவீதத்தினருக்குத்தான். முதலில் கொஞ்சம் கொடுத்திருந்ததால் டாக்டர்கள் தயங்காமல் மறுமுறை வைத்ததும் இதில் சேரும் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். மறுபடி வைக்க இடம் இருந்தது என்பதையும் இதற்குள்ளே பார்க்க வேண்டும்.

நெஞ்சுக்கு வைக்கும் கதிரிலும் இதே கதைதான். இருமலில் இரத்தம், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இவற்றுக்காகப் பிரிட்டனில் 369 பேரிடம் ஒப்பிட்டு 1991-ல் வெளியிட்டார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டே தடவை கொடுத்த 17 கிரேயும், பத்து தடவை கொடுத்த 30 கிரேயும் ஒரே அளவு தணிப்பைத் தந்தன. அடுத்த ஆண்டு, நலிந்த நோயாளிகளிடம் 10 கிரேயை ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சளைக்கவில்லை. பிற்பாடு இப்படிப்பட்ட பதினான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் நீண்ட சிகிச்சை அதிகம் தணிக்கிறது என்பதற்கு வலுவான சான்று காணவில்லை. நடமாட்டத்தோடு தெம்பாக இருப்பவர்களுக்கு மட்டும், நெஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு கொடுத்தால் ஒரு வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்வரை கூடலாம் என்று தெரிந்தது. அவர்களுக்குப் பத்து நாள் அலைச்சல் தகும். நிற்க முடியாதவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். ‘பாதியில் விட்டால் வீண்’ என்ற எண்ணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? டி.பி. மாத்திரையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். ஆறு மாத மாத்திரையை நடுவில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாக மாறிவிடும் என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சுவரில் எழுதியும் வீடு வீடாகப் போயும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது சரியான பாடம். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோயை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த பிறகு உண்மை தெரிய வருவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த மாத்திரையோடு வந்த பாடம் இந்த வீட்டிலும் தங்கிவிடுகிறது.

தணிப்புக் கதிர் அந்த மாதிரி வேலை செய்வதில்லை. கடைசித் தவணை விழுந்தால்தான் பூட்டு திறக்கும் என்பதில்லை. ஒவ்வொரு தவணையும் விழுந்த அன்றே தன் அறுவைச் செய்து முடித்துவிடுகிறது. நம் அப்பாவுக்கு ஒரு தவணை 3 கிரே என்றால், ஆறு தவணையில் 18 கிரே போய்விட்டது. சின்னத் தவணைகளாகக் கொடுத்ததையும் பெரிய ஒற்றைத் தவணையையும் அப்படியே கூட்டி ஒப்பிடக் கூடாது. ஒரே மூச்சில் கொடுக்கும் 8 கிரே, நாலு நாளில் கொடுக்கும் 8 கிரேயைவிட ஆழமாக வெட்டும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்து டாக்டர்கள் போடும் கணக்கில்கூட, இந்த ஆறு தவணை அந்த ஒற்றை 8 கிரேயைத் தாண்டி நிற்கிறது. அந்த ஒற்றைத் தவணைக்கே நூற்றுக்கு எழுபது பேருக்கு வலி குறைந்ததைப் பார்த்தோம். முன்னால் வைத்தது வீணாகவில்லை.

பிறகு மிச்ச நாலும் எதற்கு என்று கேட்டால், அங்கேதான் தாமதம் வந்து நிற்கிறது. பலன் தெரிய ஒன்று முதல் நான்கு வாரம் வேண்டும். அத்தனை வாரம் அவருக்கு இருக்கிறதா?

இதைக் கேட்பதே பாவம் என்று நினைக்கிறோம். டாக்டர்களுக்கும் இது கஷ்டம்தான். அமெரிக்காவில் கிறிஸ்டாகிஸ், லமாண்ட் என்ற இருவர் 343 டாக்டர்களிடம் அவர்களுடைய 468 நோயாளிகள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கேட்டு, பின்னர் நடந்ததோடு ஒப்பிட்டு 2000-ல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவர் விஷயத்தில்தான் கணிப்பு ஒத்துவந்தது. தவறியவற்றில் மிகப் பெரும்பாலானவை நம்பிக்கையின் பக்கமே தவறின. சராசரியாக ஐந்து மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு எவ்வளவுக்குப் பழக்கமோ, அவ்வளவுக்குப் பிழை கூடியது. பாசம் கணக்கைக் கெடுக்கிறது என்பது வீட்டாருக்கு மட்டும் உரியதல்ல.

இதன் விலை நாட்களில் விழுகிறது. ஜெர்மனியில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, தணிப்புக் கதிர்வீச்சுக்கு அனுப்பப்பட்டு ஒரு மாதத்துக்குள் இறந்த முப்பத்து மூன்று பேரைத் திரும்பிப் பார்த்தது. அவர்களில் பாதிப் பேர், மிஞ்சியிருந்த வாழ்நாளில் அறுபது சதவீதத்துக்கு மேல் சிகிச்சைக்கே செலவழித்திருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மதுரை–தொண்டி சாலைதான் கண்ணுக்கு முன் வந்தது. அங்கே அவர்களின் கணக்கே அப்படி என்றால், பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ தினமும் ஐந்து மணி நேரம் போய் வருகிறவரின் கணக்கு என்ன?

நோயாளிகளுக்குச் சொல்லப்படுவதும் குறைவு. குணப்படுத்த முடியாத நுரையீரல் புற்றுக்குக் கதிர் வாங்கிய 384 அமெரிக்க நோயாளிகளிடம் கேட்டபோது, 64 சதவீதம் பேருக்கு அது நோயைக் குணமாக்க வைக்கப்படுவதல்ல என்பது புரிந்திருக்கவில்லை. நம் ஊரில் நோயின் பேரையே அப்பாவிடம் சொல்லாமல் மகனும் மருமகனும் மட்டும் டாக்டரிடம் பேசிவிட்டு வரும் வழக்கம் இருக்கிறது. அப்படி இருக்கையில், நிறுத்துவதா தொடர்வதா என்று அப்பாவால் எப்படிச் சொல்ல முடியும்? அவர் “போதும்மா” என்று சொன்னதை அலுப்பு என்று ஒதுக்காமல், ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிகிறதா? போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்குமே தெரிகிறதா, நேற்றைக்கும் இன்றைக்குமா? சரிவு எவ்வளவு வேகமோ, மிச்சம் அவ்வளவு குறைவு. சாப்பாடு இறங்குகிறதா? நெஞ்சுக்குக் கதிர் வைத்தவர் என்றால் உணவுக்குழாய் புண்ணாகி, விழுங்கும்போது வலிக்கும். சில வாரத்தில் அது ஆறிவிடும், அந்தச் சில வாரம் கையில் இருந்தால். இவற்றை டாக்டரிடம் அப்படியே சொல்லி, “இந்த நாலும் அவருக்கு எதைத் தரும், எப்போது தரும்?” என்று கேட்கலாம். “நாலையும் ஒன்றாகக் குறைக்க முடியுமா?” என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். சொல்லப்போனால், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் எலும்பு வலிக்காரருக்கு முதல் நாளே ஒற்றைத் தவணையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் கதிருக்கு உடனே ஓட வேண்டிய நேரமும் உண்டு. முதுகெலும்பில் நோய் இறங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால் மரக்கும், தள்ளாடும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். அன்றைக்கே போயாக வேண்டும்; கால் முழுவதும் விழுந்த பிறகு வைத்தால் எழுந்து நடப்பவர்கள் குறைவு. அங்கும் தவணை எண்ணிக்கை பெரிய விஷயமில்லை. 2019-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், எட்டு வாரத்தில் நடமாடியவர்கள் ஒற்றைத் தவணையில் 69 சதவீதம், ஐந்து தவணையில் 73 சதவீதம். நெஞ்சில் கட்டி பெரிய இரத்தக் குழாயை அழுத்தி முகம் வீங்கினாலும், இருமலில் இரத்தம் நிறைய வந்தாலும் தாமதம் கூடாது. மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றோ இதற்கு நேர் எதிர். 538 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், மூளை முழுவதற்கும் கதிர் வைத்தவர்கள் நடுமட்டமாக 9.2 வாரமும், மருந்தும் ஆதரவும் மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரமும் இருந்தார்கள். அந்த நோயாளிகளில் பலருக்கு, கதிர் வைக்காமல் வீட்டில் இருந்தது எந்த விதத்திலும் நஷ்டமாகவில்லை.

நிறுத்தினால் கைவிட்டுவிட்டோம் என்று ஊர் பேசும் என்ற பயம் மகளுக்கு இருக்கும். பாஸ்டனில் 151 நுரையீரல் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று அந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிறது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்தார்கள். மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவு. அவர்கள் நடுமட்டமாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். 2010-ல் இது வெளியானபோது எதிர்பாராத முடிவாகவே பார்க்கப்பட்டது.

திருவாடானையில் ஆதரவு என்றால் முதலில் வலி மருந்து. மார்ஃபின் மாத்திரை பற்றிய பயம் வீட்டிலும் இருக்கிறது, மருந்துக் கடையிலும் இருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டம் அதை ஆஸ்பத்திரிகளிலிருந்தே விரட்டியிருந்தது. 2014-ல் செய்த திருத்தம் வழியைக் கொஞ்சம் திறந்தது. முறையாக அளந்து கொடுத்தால் மூச்சிரைப்புக்கும் அதுவே மருந்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பேரைப் பதிந்து வைத்தால், புண் துடைக்கவும், சிறுநீர்க் குழாய் மாற்றவும், அடுத்து என்ன என்று கேட்கவும் ஒரு ஆள் இருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவர்கள் பஸ் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். அப்பா திண்ணையில் கட்டிலில் படுத்திருக்கிறார். போன வாரம் கதிர் விழுந்த செல்கள் இடுப்பெலும்புக்குள் இன்னும் பிரிய முயன்று, முடியாமல், ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கும் அது நடக்கும். வலி இறங்கினால் டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் குறைக்கலாம். நாலு வாரம் ஆகியும் இறங்காமல், அவரும் கொஞ்சம் தெம்பாகி உட்கார்ந்தால், அதே இடுப்புக்கு ஒற்றைத் தவணை மறுபடி வைக்கலாம். அதற்கு ஒரு நாள் போய் வந்தால் போதும்.